லூபஸ் அடங்கிவிட்டது, எந்த மருந்தை முதலில் குறைப்பது?

"ஒரு வருஷமா ரிப்போர்ட் எல்லாம் நார்மல். இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை?" உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. சிலர் இதை மருத்துவரிடமே கேட்டுவிடுகிறார்கள். சிலர் யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு மாத்திரையாக விட்டுவிடுகிறார்கள். அப்படி விடும்போது பெரும்பாலும் விடக்கூடாததுதான் முதலில் போகிறது. லூபஸின் அடிப்படை மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைச் சாப்பிட்டால் உடனே எதுவும் தெரியாது, விட்டாலும் உடனே எதுவும் தெரியாது. அதனால் அதை ஓரம் கட்டிவிட்டு, சாப்பிட்ட அன்றே தெம்பு தரும் ஸ்டீராய்டைக் கைவிடாமல் வைத்துக்கொள்கிறார்கள். இன்றைய வலியை மட்டும் பார்த்தால் இது சரியாகத் தோன்றும். இருபது ஆண்டு கழித்துச் சிறுநீரகமும் இடுப்பு மூட்டும் இதயமும் எப்படி இருக்கும் என்று பார்த்தால் இது தலைகீழான வரிசை.

இந்தக் கட்டுரை நோய் குறைந்தது ஓராண்டாவது அடங்கியிருக்கிறவர்களுக்கு. காய்ச்சல், புதிய தடிப்பு, சிறுநீரில் புரதம், மூச்சுத்திணறல் என்று நோய் இப்போது கிளர்ந்திருந்தால் மருந்தைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

## சேதம் என்பது எது

லூபஸில் நோயின் வேகம் ஒன்று, உறுப்புச் சேதம் வேறொன்று. மூட்டு வீக்கம், வாய்ப்புண், கன்னத்துச் சிவப்பு எல்லாம் நோயின் வேகம். மருந்து கொடுத்தால் அடங்கும். சேதம் அடங்காது, அப்படியே தங்கிவிடும். 1996-இல் வெளியான, லூபஸ் சேதத்தைப் புள்ளிகளாக அளக்கும் ஸ்லிக் சேதக் குறியீட்டை உலகெங்கும் வாதநோய் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கண், மூளையும் நரம்பும், சிறுநீரகம், நுரையீரல், இதயம், ரத்தக்குழாய், குடல், எலும்பும் தசையும், தோல், சூலகம் முன்கூட்டியே செயலிழப்பது, சர்க்கரை நோய், புற்றுநோய் என 12 பிரிவுகளில் அது சேதத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது 6 மாதம் நீடித்த மாற்றமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

அந்தக் குறியீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, சேதம் நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான். ஸ்டீராய்டால் வந்த கண்புரைக்கும் ஒரு புள்ளி உண்டு, நோயால் வந்த பக்கவாதத்துக்கும் புள்ளி உண்டு. நோயாளியின் உடம்புக்கும் அந்தப் பாகுபாடு கிடையாது. டொரோண்டோவில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது, முதல் ஆண்டுகளில் சேரும் சேதத்தில் நோயின் கை ஓங்கியிருப்பதும், ஆண்டுகள் போகப்போகச் சேர்வதில் பெரும்பங்கு ஸ்டீராய்டோடு தொடர்புடையதாக இருப்பதும் தெரிந்தது. ஒரு சேதம் வந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால் முதல் புள்ளியைத் தடுப்பதே பெரிய காரியம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் பார்க்கலாம். இந்த மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பக் கிளரும் வாய்ப்பு எவ்வளவு? தொடர்ந்தால் மருந்தே என்ன சேதம் செய்யும்? எத்தனை பரிசோதனை, எத்தனை முறை அலைச்சல்? கர்ப்பத்துக்கு ஒத்துவருமா? ஐந்தாவது கேள்விதான் மற்ற நான்கையும்விடக் கனமானது: கணக்குத் தப்பினால் இழந்தது திரும்பக் கிடைக்குமா?

மூட்டுவலியாகத் திரும்பும் லூபஸை மறுபடி மருந்து கொடுத்து அடக்கிவிடலாம். சிறுநீரகத்தில் திரும்பினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வடு தங்கிவிடும், போன வடிகட்டிகள் வளர்ந்து வராது. எனவே "நோய் திரும்பினால் என் உடம்பில் எங்கே திரும்பும்?" என்பதற்கான பதில் உங்கள் பழைய வரலாற்றில் இருக்கிறது. தோலும் மூட்டும் மட்டும் பாதிக்கப்பட்டவரும், பயாப்ஸியில் மூன்றாம் அல்லது நான்காம் வகைச் சிறுநீரக அழற்சி வந்து போனவரும் ஒரே முடிவை எடுக்க முடியாது.

## வழி 1: எதையும் தொடாமல் அப்படியே தொடர்வது

நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் கழற்ற வேண்டும் என்ற எண்ணம். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. பாரிஸில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்கு மேல் நோய் அடங்கி தினமும் 5 மி.கி. பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை எடுத்துவந்த 124 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி மாத்திரையைத் தொடர்ந்தது, மறு பாதி ஒரேயடியாக நிறுத்தியது. ஓராண்டில் நோய் கிளர்ந்தவர்கள் தொடர்ந்த பக்கத்தில் 7 சதவீதம், நிறுத்திய பக்கத்தில் 27 சதவீதம்.

மறைந்திருக்கும் செலவு ஆண்டுகளில்தான் தெரியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நோயாளிகளை வைத்து 2009-இல் வந்த கணக்கு, சராசரி அன்றாட அளவில் கூடும் ஒவ்வொரு 1 மி.கி.க்கும் புதிய உறுப்புச் சேதத்தின் வாய்ப்பு சுமார் 2.8 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. 6 மி.கி.க்குக் கீழே இந்த ஆபத்து சிறியது, 12, 15, 20 என்று ஏறினால் சிறியதல்ல. எலும்பு மெலிவு, கண்புரை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்தக்குழாய் தடிப்பு எல்லாம் சத்தமில்லாமல் வருபவை. இதயத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். பிட்ஸ்பர்க்கில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், 35 முதல் 44 வயது லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு அதே வயதுப் பிற பெண்களைவிட 50 மடங்குக்கு மேல் இருந்தது. அழற்சி ஏற்கெனவே இதயத்தைப் படுத்தியிருக்கும்போது ஸ்டீராய்டும் சேர்ந்துகொள்வது நல்லதல்ல.

இந்த வழி பொருந்துபவர்கள்: நோய் அடங்கி ஓராண்டுகூட முழுதாக ஆகாதவர்கள், முன்பு குறைக்க முயன்று ஒவ்வொரு முறையும் கிளர்ந்தவர்கள், மூளை போன்ற உறுப்பில் கடுமையாக வந்து போனவர்கள். இவர்களுக்கு 5 மி.கி. அல்லது அதற்குக் கீழே நிற்பது தோல்வியல்ல. ஆனால் 10 மி.கி.யில் ஆண்டுக்கணக்கில் நின்றுகொண்டு "அடங்கியிருக்கிறது" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். லூபஸ் அடங்கிய நிலை எது என்று சர்வதேச நிபுணர்கள் வகுத்த 2021-இன் டோரிஸ் வரையறையிலேயே, பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 5 மி.கி.யைத் தாண்டக்கூடாது.

## வழி 2: ஸ்டீராய்டை மெல்ல இறக்குவது

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2019-இல் நீண்டகால அளவுக்கு 7.5 மி.கி. என்று வைத்த எல்லையை 2023-இல் 5 மி.கி.யாக இறக்கியது. முடிந்தால் முழுவதும் நிறுத்தவும் சொன்னது. பாரிஸ் ஆய்வோடு இது முரண்படுவதுபோலத் தெரியும். முரண்பாடு இல்லை. அங்கே 5 மி.கி.யிலிருந்து ஒரே நாளில் பூஜ்யத்துக்குப் போனார்கள். டொரோண்டோ நோயாளிகளில் மாதக்கணக்கில் மெல்லக் குறைத்தவர்களை 5 மி.கி.யிலேயே நின்றவர்களோடு ஒப்பிட்டபோது, குறைத்தவர்களுக்கு நோய் அதிகமாகக் கிளரவில்லை, இரண்டாண்டில் சேர்ந்த சேதமும் குறைவாக இருந்தது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வல்ல அது. குறைக்கத் தகுந்தவர்களைத்தான் மருத்துவர்கள் குறைத்திருப்பார்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனாலும் என் சாய்வு இந்தப் பக்கம்தான், மெதுவாக என்ற நிபந்தனையோடு.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? 5 மி.கி.க்குக் கீழே வந்தபின் பல மருத்துவர்கள் மாதம் 1 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகவே இறக்குகிறார்கள். இரவல் அட்டவணை இங்கே உதவாது. பல மாதம் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி, உடம்புக்கான சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரக்கும் தன் வேலையை நிறுத்தியிருக்கும். அது மறுபடி விழிக்க அவகாசம் வேண்டும். அதற்குள் வெளியிலிருந்து வரும் மருந்தும் நின்றுவிட்டால் ரத்த அழுத்தம் சரியும், வாந்தி வரும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகும். காலையில் எடுக்கும் கார்டிசால் ரத்தப் பரிசோதனை சுரப்பி விழித்துவிட்டதா என்று காட்டும். கடைசி மி.கி.களை விடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பலர் பயந்து திரும்பும் இடம் ஒன்று உண்டு. 4-லிருந்து 3-க்கு இறங்கிய வாரம். காலையில் எழுந்தால் கைவிரல்கள் மடங்க மறுக்கும், தொடையும் தோளும் அடித்துப்போட்டதுபோல வலிக்கும், மதியம் மூன்று மணிக்கே உடம்பு சாய்ந்துவிடும். "லூபஸ் வந்துவிட்டது" என்று பழைய டோசுக்கு ஓடுவார்கள். அளவு குறைந்ததற்கு உடம்பு காட்டும் எதிர்வினையாகவும் அது இருக்கலாம். அப்படியானால் சில வாரங்களில் தானே தணியும். மூட்டு வெறுமனே வலிக்கிறதா, கண்ணுக்குத் தெரிய வீங்கியிருக்கிறதா? தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் உண்டா? சிறுநீரில் புரதம் ஏறியிருக்கிறதா, லூபஸின் வேகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் சி3, சி4 குறைந்திருக்கிறதா, டிஎஸ்டிஎன்ஏ எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறதா? இவற்றைப் பார்த்த பிறகுதான் முடிவு. எல்லாம் அமைதியாக இருந்து வலி மட்டும் இருந்தால் அதே அளவில் இன்னொரு மாதம் நிற்கலாம், ஏற வேண்டியதில்லை. வாந்தியும் தலைசுற்றலும் சேர்ந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்டீராய்டு நின்ற பிறகும் முன்பு எடுத்த பெரிய டோஸின் நிழல் தொடரும். நடக்கும்போது தொடையிடுக்கில் குத்தும் வலி விடாமல் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு மூட்டில் உள்ள தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் போகாமல் அது மடிவது, ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது.

## வழி 3: நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை முதலில் நிறுத்துவது

மைக்கோஃபினோலேட்டும் அசாதையோப்ரினும் இந்தக் கூட்டம். தொற்று பயம், வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்கள் குறைவது, மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்காக ஊசி குத்திக்கொள்வது என்று இவற்றை விட ஆசைப்படக் காரணங்கள் நிறைய. சிறுநீரக லூபஸ் வந்தவர்கள் இங்கே அவசரப்படக்கூடாது. பிரான்ஸில் நடந்து 2022-இல் வெளியான வின்-லூபஸ் ஆய்வில், சிறுநீரகம் அடங்கி 2 அல்லது 3 ஆண்டு இம்மருந்துகளை எடுத்தவர்களை இரண்டாண்டு கவனித்தார்கள். எல்லோரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சிறுநீரக லூபஸ் திரும்பியது மருந்தைத் தொடர்ந்தவர்களில் 12.5 சதவீதத்தினருக்கு, நிறுத்தியவர்களில் 27.3 சதவீதத்தினருக்கு. 2024-இன் சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டல், சிறுநீரக லூபஸுக்கான மொத்தச் சிகிச்சை குறைந்தது 36 மாதம் இருக்க வேண்டும் என்கிறது.

அதே எண்ணை மறுபக்கமிருந்தும் படிக்கலாம். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அந்த இரண்டாண்டில் சிறுநீரகத்தில் ஒன்றும் திரும்பவில்லை. அது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம். சிறுநீர் சுத்தமாக இருந்தும் பயாப்ஸியில் அழற்சி எஞ்சியிருப்பது உண்டு. அதனால் சில மையங்கள் நிறுத்தும் முன் இன்னொரு பயாப்ஸி செய்கின்றன. சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் நார்மல் என்பதை மட்டும் நம்ப வேண்டாம், அது ஏறும்போது காலம் கடந்திருக்கும். காலைச் சிறுநீரில் நுரை நின்றுகொண்டே இருப்பது, புரத-கிரியாட்டினின் விகிதம் ஏறுவது, ரத்த அழுத்தம் புதிதாக ஏறுவது இவைதான் முதல் அறிகுறிகள்.

தோல், மூட்டு மட்டும் என்றால் கதை வேறு. ஸ்டீராய்டு முழுதும் நின்று, அதன்பின் பல மாதம் அமைதியாக இருந்தால் இந்த மருந்தையும் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே மாதத்தில் குறைத்தால், கிளர்ந்தது எதனால் என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

## வழி 4: ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்துவது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கண்ணோ இதயமோ அதைத் தாங்காது என்று பரிசோதனையில் தெரிந்தாலொழிய, இதை விடாதீர்கள். 1991-இல் வந்த கனடா ஆய்வில், நோய் அடங்கியிருந்தவர்களில் மருந்தைத் தொடர்ந்த 25 பேரில் 9 பேருக்கும், அதற்குப் பதில் வெற்று மாத்திரை பெற்ற 22 பேரில் 16 பேருக்கும் 24 வாரத்தில் நோய் கிளர்ந்தது. பின்னாளில் வந்த நோயாளித் தொகுப்புகள், இதை எடுப்பவர்களுக்கு உறுப்புச் சேதம் மெதுவாகவே சேர்வதைக் காட்டின. மருந்து உடம்பில் நெடுநாள் தங்குவதால், விட்ட சில வாரங்களுக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும். "பார்த்தீர்களா, இதுவே தேவைப்படவில்லை" என்ற தவறான நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

கண் பயம் உண்மையானது, அளவோடு பார்க்க வேண்டியதும்கூட. உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மிகாமல் எடுத்தால் விழித்திரை பாதிப்பு முதல் 5 ஆண்டில் 1 சதவீதத்துக்கும் கீழே, 10 ஆண்டில் 2 சதவீதத்துக்கும் கீழே. 20 ஆண்டு தாண்டினால் 20 சதவீதத்தை நெருங்குகிறது. எனவே தொடக்கத்தில் ஒரு பரிசோதனை, 5 ஆண்டுக்குப் பின் வருடம் ஒருமுறை விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனும் பார்வைப்புல சோதனையும். சிறுநீரகம் மந்தமானவர்கள் அந்த 5 ஆண்டைக் காத்திருக்கக்கூடாது, டோசையும் குறைக்க வேண்டியிருக்கலாம். ஆசிய வம்சாவளியினருக்குப் பாதிப்பு விழித்திரை மையத்துக்குச் சற்று வெளியே தொடங்குவது அதிகம். பார்வைப்புல சோதனையை அகலமாக எடுக்கச் சொல்லிக் கண் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

## வழி 5: புதிய ஊசி மருந்தைச் சேர்த்து ஸ்டீராய்டை இறக்குவது

ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் கிளர்கிறவர்களுக்கான வழி. பெலிமுமாப் அமெரிக்காவில் 2011-இல் லூபஸுக்கும் 2020-இல் சிறுநீரக லூபஸுக்கும் அனுமதி பெற்றது, அனிஃப்ரோலுமாப் 2021-இல். அனிஃப்ரோலுமாப் ஆய்வொன்றில், தொடக்கத்தில் 10 மி.கி. அல்லது அதற்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 52 சதவீதத்தினர் அதை 7.5 மி.கி. அல்லது அதற்குக் கீழே இறக்கி நிலைநிறுத்த முடிந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 30 சதவீதம். பெலிமுமாப் எடுத்தவர்களைப் பல ஆண்டு கவனித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற வேறொரு நோயாளித் தொகுப்போடு ஒப்பிட்டதில் சேதம் குறைவாகச் சேர்ந்தது தெரிந்தது.

விலை அதிகம். பலன் தெரியப் பல மாதம் ஆகும், இரண்டு ஊசி போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று நிறுத்துவதில் அர்த்தமில்லை. அனிஃப்ரோலுமாப் எடுப்பவர்களுக்கு அக்கி கூடுதலாக வருகிறது, உயிரற்ற அக்கித் தடுப்பூசியை முன்பே போட்டுக்கொள்வது பற்றிக் கேளுங்கள். பெலிமுமாபில் மனச்சோர்வு குறித்த எச்சரிக்கை உண்டு, வீட்டில் உள்ளவர்களுக்கும் அதைச் சொல்லிவையுங்கள். 5 மி.கி.க்குக் கீழே அமைதியாக இருப்பவருக்கு இந்த வழி பெரும்பாலும் தேவையில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | நோய் கிளரும் வாய்ப்பு | மருந்தே செய்யும் சேதம் | யாருக்கு நல்லது |
|---|---|---|---|
| எல்லாம் தொடர்வது | குறைவு | 5 மி.கி.க்கு மேல் போனால் ஆண்டுதோறும் கூடும் | இப்போதுதான் அடங்கியவர், குறைத்தபோதெல்லாம் கிளர்ந்தவர் |
| ஸ்டீராய்டை மெல்ல இறக்குவது | சற்று உண்டு, வேகமாக இறக்கினால் அதிகம் | குறையும் | ஓராண்டுக்கு மேல் அமைதியாக இருப்பவர்களில் பெரும்பாலோர் |
| நோயெதிர்ப்பு அடக்கியை நிறுத்துவது | சிறுநீரக லூபஸில் கணிசம் | தொற்று, ரத்த அணு ஆபத்து குறையும் | 3 ஆண்டு முடித்தவர், தோல்-மூட்டு மட்டும் வந்தவர் |
| ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்துவது | அதிகம் | கண் ஆபத்து நிற்கும் | விழித்திரை அல்லது இதயப் பாதிப்பு உறுதியானவர் மட்டும் |
| ஊசி மருந்து சேர்ப்பது | குறையும் | தொற்று கவனம் | ஸ்டீராய்டை விட முடியாதவர் |

## கர்ப்பம் கணக்கில் இருந்தால்

வரிசை மாறிவிடும். மைக்கோஃபினோலேட்டும், இன்னொரு நோயெதிர்ப்பு அடக்கியான மெத்தோட்ரெக்சேட்டும் கருவைப் பாதிக்கும். மைக்கோஃபினோலேட்டை நிறுத்திக் குறைந்தது 6 வாரம் கழித்தே கருத்தரிக்க முயல வேண்டும். வழக்கமாக அதற்குப் பதில் அசாதையோப்ரினுக்கு மாற்றி, அதில் நோய் சில மாதம் அமைதியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கர்ப்பம் முழுக்கத் தொடரலாம், தொடரவும் வேண்டும். கர்ப்பம் தெரிந்த அன்று பயத்தில் எல்லா மாத்திரையையும் குப்பையில் போடுவது தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து.

அசாதையோப்ரின் எடுப்பவர்கள் யூரிக் அமிலத்துக்காக அல்லோப்யூரினால் எழுதப்பட்டால் அங்கேயே தடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை ஆபத்தான அளவுக்கு முடங்கும்.

ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரத்தக்கட்டு வந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், லூபஸ் அடங்கியதைக் காரணம் காட்டி அதை விட முடியாது. அந்த எதிர்ப்பொருள் லூபஸ் அமைதியாக இருக்கும்போதும் ரத்தத்தை உறையவைக்கும், பக்கவாதத்துக்கும் வழி திறக்கும்.

## மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியவை

கடைசி ஓராண்டின் சிறுநீர்ப் புரத அளவுகளைத் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள், தனித்தனி ரிப்போர்ட்டில் தெரியாத ஏற்றம் அங்கே தெரியும். முன்பு எந்த டோசில் கிளர்ந்தது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். எலும்பு அடர்த்தி, கொழுப்பு, சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். குறைக்கத் தொடங்கினால் முதல் ஆறு மாதத்தில் எத்தனை நாளுக்கொருமுறை சிறுநீர் பார்ப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் போன் செய்வது என்று அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டை நிறுத்தி ஓராண்டு ஆகும்வரை எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், "நான் ஸ்டீராய்டு எடுத்துவந்தவள்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். சுரப்பி இன்னும் முழுதாக விழித்திருக்காவிட்டால் அன்றைக்கு மட்டும் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படலாம்.